கனவிற் காணும் நிழற்படம்

தந்தையைக் கைக்குழவிப் பருவத்தே இழந்த மகன் ஒருவன், ஓரிரவு கனவிலே தந்தையைக் காணாது, தன் இல்லத்துச் சுவரில் மாலையிட்டு மாட்டியுள்ள அவருடைய நிழற்படத்தையே காண்கின்றான். படத்தின்மேல் தூசு படிந்திருக்கின்றது. அல்லது அதன் கண்ணாடி வெடித்திருக்கின்றது. விழித்தபின் அவன் நெஞ்சம் அமைதியுறவில்லை. அயலார் ஒருவர், "பிதிரர் சினங் கொண்டனர்" என்பர். மற்றொருவர், "குடும்பத்தில் ஓர் இழவு நேரும்" என்பர். பிறிதொருவர், படம் கனவில் வருதல் நன்றே என்பர். மகனோ இம்மூவர் கூற்றினும் கொடியதொரு துயரை உள்ளடக்கியிருக்கின்றான். பிறரெல்லாம் தம் தந்தையரைக் கனவில் நேரே கண்டு பேசுவதாகக் கூற, தான் மட்டும் படத்தைக் காண்பதேன்? அவர்க்குத் தன்பால் அன்பில்லையோ, தனக்கு அவர்பால் அன்பில்லையோ என்பதே அத்துயர். இத்தகைய கனவின் பொருள் யாதென மெய்கண்ட நூல்களின் வழிநின்று ஈண்டு ஆராயப்படும்.

கனவுக்குப் பலன் கூறும் நூல்கள் தமிழில் பண்டே உள. பொன்னவன் செய்த கனாநூல் அவற்றுள் ஒன்று. இரவின் இன்ன யாமத்துக் கண்ட கனா இன்ன காலத்துட் பலிக்கும் என்றும், இன்ன பொருளைக் காணின் நன்று, இன்னது காணின் தீது என்றும் அத்தகைய நூல்கள் வகுத்துச் செல்லும். அவற்றின் தகுதியை ஆராய்தல் ஈண்டைக்கு வேண்டா. நிழற்படம் உலகத்தார்க்கு வெளிப்பட்டது 1839-ஆம் ஆண்டில். அதற்கு முற்பட்ட எந்நூலிலும் நிழற்படக் கனவுக்குப் பலன் இருத்தற்கு இடமில்லை. இக்காலத்து மலிவுப் புத்தகங்களில் அதற்குப் பலன் கூறப்படுமாயின், அது தொன்னூல் வழக்கன்று, அச்சிட்டார் கற்பனை என்றொழிக.

இனி, நிழற்படமாவது யாதென அறிதல் வேண்டும். பிரெஞ்சு நாட்டு நீப்ஸ் என்பார், 1826, 1827-ஆம் ஆண்டுகளை யொட்டி, தார் போன்றதொரு பொருள் பூசிய தகட்டில், தம் இல்லத்து மேன்மாடச் சாளரத்தினின்று தோன்றும் காட்சியை நெடும்பொழுது ஒளிபடச் செய்து பதித்தனர். அவரோடு கூடி உழைத்த டாகேர் என்பார், அவர் இறந்தபின் வேறொரு முறை கண்டு 1839-இல் அதனை உலகறியச் செய்தனர். வெள்ளி பூசி மெருகிட்ட செப்புத் தகட்டை அயோடின் ஆவியிற் காட்டி, இருட்பெட்டியுள் வைத்து, ஒரு துளைவழியே ஒளி புகச் செய்வர். பின் இருளிலேயே அத்தகட்டை எடுத்து நோக்கின், கண்ணுக்கு யாதும் புலனாகாது. இரச ஆவியிற் பிடித்த பின்னரே உருவம் மெல்ல எழும். ஆங்கில நாட்டு டால்பட் என்பார் காகிதத்தின்மேற் பதிக்கக் கண்டு 1841-இல் உரிமை பெற்ற முறையிலும் இஃதொக்கும். அதன்கண்ணும் ஒளிபட்ட காகிதத்தில் உருவம் முதலில் மறைந்தே நிற்கும், மருந்திட்டபின் வெளிப்படும். வெளிப்பட்டதனையும் வேறொரு மருந்தால் நிலைபெறுத்தாவிடின், பகலொளி பட்ட அளவிலே அது கருகிக் கெடும்.

ஒளிபட்டு மருந்து படாத அத்தகட்டின் நிலை சைவ நூலார்க்குப் புதிதன்று. உருவம் அதன்கண் இல்லை யென்றல் பொருந்தாது, இல்லாததற்குத் தோற்றம் இன்மையின். உள்ளதெனக் கண்ணாற் காட்டவும் இயலாது. உள்ளதே காரணத்தின்கண் நுண்ணிதாய் நின்று பின் காரியமாய்த் தோன்றும் என்னும் சற்காரிய வாதத்திற்கு, மரமும் வித்தும், குடமும் மண்ணும் அன்றி, இதுவும் ஒரு நல்ல எடுத்துக்காட்டாகும். இற்றைநாளில் தகடும் மருந்தும் பெரும்பாலும் ஒழிந்து, ஒளியை மின்குறியாக மாற்றிப் பதியும் கருவிகள் கைப்பேசிதொறும் அமைந்துவிட்டன. எனினும் கனவின் இயல்பை விளக்குதற்குப் பழைய தகடே ஏற்றது.

உயிர்க்குரிய கீழாலவத்தை ஐந்தனையும் சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரத்து மெய்கண்டார் வைத்தருளினர். புருவ நடுவில் நிற்கும் நனவின்கண் தொழிற்படும் கருவிகள் முப்பத்தைந்து. கண்டத்தில் நிற்கும் கனவின்கண் இருபத்தைந்து. இருதயத்து உறக்கத்தில் மூன்று. உந்தியிற் பேருறக்கத்தில் இரண்டு. மூலாதாரத்து உயிர்ப்படங்கலில் ஒன்று. உலாப் போந்து மீளும் வேந்தன் வாயில்தொறும் தன் படையை நிறுத்திவிட்டு, இறுதியிற் றனியே அந்தப்புரம் புகுதல் போல, உயிரும் கருவிகளை இடந்தொறும் நீத்துச் செல்லும் என்பது சிவஞான சித்தியார் காட்டும் உவமை.

இக்கணக்கினை மனப்பாடமாக ஒப்பிப்பார் பலர். ஆயினும் கனவிற்குரிய இருபத்தைந்து எவை யென நின்று நோக்குவார் சிலரே. நனவின் முப்பத்தைந்தாவன ஞானேந்திரியம் ஐந்து, கன்மேந்திரியம் ஐந்து, சத்தம் முதலிய புலன் ஐந்து, வசனம் முதலிய தொழில் ஐந்து, வாயுப் பத்து, அந்தக்கரணம் நான்கு, புருடன் ஒன்று. இவற்றுள் கனவிற்குச் செல்லுங்கால் வாயிலில் நிறுத்தப்படுவன இந்திரியம் பத்துமே. செவி நின்றுவிடும், ஓசை உடன் செல்லும். கண் நின்றுவிடும், உருவம் உடன் செல்லும். கால் நின்றுவிடும், நடத்தல் உடன் செல்லும். புலனைப் பற்றும் வாயில் அடைபட்டபின்னும் புலன் உள்ளே உளது என்பதன்றோ இக்கணக்கின் கருத்து? பொருள் எதிரே யில்லாதவழியும் பொருளின் உருவம் நிற்றற்கு நிழற்படத்தின் மிக்க உவமை பிறிதில்லை.

அற்றேல், கனவு காண்பார்க்குக் கண் தொழிற்படுகின்றது என இக்கால ஆராய்ச்சியாளர் கூறுவரே எனின், கூறுதும். 1953-இல் சிகாகோப் பல்கலைக் கழகத்து அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறங்குவார்க்கு மூடிய இமைக்குள்ளே விழிகள் விரைந்து அசையும் பொழுதுகள் உண்டென்றும், அப்பொழுது எழுப்பின் அவர் பெரும்பாலும் கனாக் கண்டதாகவே உரைப்பர் என்றும் வெளியிட்டனர். அசைவது விழியாகிய கோளகம். உருவை யறியும் இந்திரியம் அஃதன்று. இமை மூடியிருக்க, அவ்வசைவால் புறத்துள்ள உருவம் ஒன்றும் உள்ளே புகவில்லை. ஆகலின் இருபத்தைந்து என்னும் எண்ணுக்கு இழுக்கொன்றுமில்லை.

உள்ளே நிற்கும் அவ்வுருவம் எங்ஙனம் வந்தது? நனவில் இந்திரிய வாயிலாகப் புகுந்து அந்தக்கரணத்திற் பதிந்த வாசனையே அது. இதற்குச் சான்று பார்வையிழந்தார் கனவு. ஜாஸ்ட்ரோ என்னும் அமெரிக்கர் 1888-இல் அவர்தம் கனவுகளைப் பற்றி எழுதியபோது, ஐந்து வயதுக்கு முன்னே பார்வை இழந்தார் கனவில் உருவங் காணார் என்றும், ஏழு வயதுக்குப் பின் இழந்தார் காண்பர் என்றும் கண்டு கூறினர். ஒளிபடாத தகட்டில் எம்மருந்தை இடினும் உருவம் எழாமை போல்வது இது.

பதிவு உளதாதற்கு, பதிந்தது என்னும் நினைவு வேண்டுவதில்லை என்பதும் காட்டப்பட்டுள்ளது. ஸ்டிக்கோல்டு என்பாரும் அவர் துணைவரும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், திரையில் மேலிருந்து கட்டைகள் விழ அவற்றை அடுக்கும் டெட்ரிஸ் என்னும் விளையாட்டைப் பலர்க்குக் கற்பித்தனர். அவருள் ஐவர் மூளையில் ஊறுபட்டு, புதிதாக நிகழ்வதொன்றையும் நினைவிற் கொள்ளமாட்டாதவர். தாம் விளையாடினமை அவர்க்குத் தெரியாது. எனினும் அவ்வைவருள் மூவர், உறக்கம் வரும்பொழுது கட்டைகள் விழுந்து சுழலுதலைக் கண்டதாக உரைத்தனர். உறக்கத்து எஞ்சும் கருவி மூன்றனுள் பிராணனோடும் புருடனோடும் சித்தத்தையும் வைத்து எண்ணிய ஆசிரியர் திறம் ஈண்டு நினைவு கூரத்தக்கது. நினைவு நீங்கினும் சித்தம் தான் பற்றியதை விடாது கிடக்கும்.

ஒருவன் நனவிற் பலகாலும் காண்பது அவன் கனவைத் தன் வண்ணமாக்கும் என்பதற்கு, நிழற்படமே தந்த வேடிக்கையானதொரு சான்றும் உளது. 1942-இல் மிடில்ட்டன் என்பார் அமெரிக்கக் கல்லூரி மாணவர் 277 பேரை வினவியபோது, நூற்றுக்கு எழுபதின்மர்க்கு மேற்பட்டார் தம் கனவில் வண்ணங்களை அரிதாகவே காண்பதாகவோ ஒருபோதும் காணாததாகவோ விடையிறுத்தனர். அதே வினாவை ஷ்விட்ஸ்கெபெல் என்பார் பிற்காலத்து மாணவரிடை வினவி 2003-இல் வெளியிட்டபோது, அங்ஙனம் கூறினார் நூற்றுக்குப் பதினெண்மர் அளவினரே. முன்னவர் வாழ்ந்தது கருப்பும் வெள்ளையுமான படங்களும் திரைக்காட்சிகளும் மலிந்த காலம். பின்னவர் வண்ணப் படங்களிடையே வளர்ந்தவர். கனவே மாறிற்றா, கனவைப் பற்றிய பேச்சு மட்டும் மாறிற்றா என அவ்வாசிரியரே ஐயுறுகின்றார். எதுவாயினும், சார்ந்ததன் வண்ணமாதல் உயிர்க்கு இயல்பு என்று சித்தாந்திகள் கூறுங்கால், படிகத்தின்மீது படும் நிறத்தை மட்டுமே காட்டவேண்டுவதில்லை.

கனவு பதிந்ததைப் பதிந்தவாறே காட்டுமோ எனின், பெரும்பாலும் காட்டாது. கால்ட்டன் என்னும் ஆங்கிலேயர் 1878-ஐ யொட்டி, பலர் முகங்களை ஒரே தகட்டின்மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் பதித்து ஒரு முகம் ஆக்கினர். யாவர்க்கும் பொதுவான கூறுகள் அதன்கண் அழுத்தமாய் நிற்கும். ஒருவர்க்கே உரியவை மங்கி மறையும். வியன்னா நகரத்துப் பிராய்டு என்பார் 1900 என ஆண்டிட்டு வெளிவந்த தம் கனவு நூலில், தாம் கண்ட கனவொன்றில் நண்பரே தம் சிறிய தந்தையாகத் தோன்றியதையும், அம்முகம் நீண்டு பொன்னிறத் தாடியொடு இருவர் முகமும் கலந்ததாய் விளங்கியதையும் உரைத்து, அதற்குக் கால்ட்டன் செய்த கலப்புப் படத்தையே உவமை கூறினர். அவர் கனவுக்கு உரைத்த காரணங்களுட் பல சைவர்க்கு உடன்பாடாகா. உயிரென ஒன்று வேறுண்டு எனக் கொள்ளாதார் கனவைக் காண்பான் யாரென ஒருதலையாகக் கூறமாட்டார். எனினும் உவமை பொருந்தியதே. தகடு ஒன்று, பதிவு பல என்பதனை அஃது இனிது காட்டும்.

இந்நிலையில் மாயாவாதியார் இடைபுகுந்து, "கனவிற் கண்டது பொய், அதன்கண் கண்ட படம் பொய்யின் பொய், நனவும் அத்தகையதே" என்பர். கௌடபாதர் காரிகை நனவையும் கனவையும் நிகரென வைத்துப் பேசும். ஆயின் அவர் வழிவந்த சங்கரரே, பிரமசூத்திரத்து இரண்டாம் அத்தியாயத்தில் விஞ்ஞானவாதியை மறுக்குமிடத்து, கனவு நினைவின்பாற் படும், நனவு காட்சியின்பாற் படும், இரண்டும் ஒன்றாகா என்றனர். நினைவெனின், முன் கண்டதொன்று வேண்டும். படமெனின், எதிர் நின்றதொன்று வேண்டும். முயற்கோட்டை ஓவியன் எழுதலாம். நிழற்படம் பிடித்தார் ஒருவருமில்லை. இக்காலத்துக் கணிப்பொறிகள் யாண்டும் இல்லாத மாந்தர் முகங்களையும் ஆக்கித் தருகின்றனவே எனின், அவையும் உள்ள மாந்தர் பல்லாயிரவர் படங்களைப் பயின்றே அங்ஙனம் ஆக்குவன. கால்ட்டன் தகட்டுக்கும் அவற்றிற்கும் விரைவிலும் நுண்மையிலுமே வேற்றுமை. ஆகலின் கனவிற் கண்ட படம் உலகம் பொய்யென்றற்குச் சான்றாகாது. உலகம் உண்டென்றற்கு இருமுறை சான்றாவது அது. தந்தை இருந்தமையின் படம் உளதாயிற்று. படம் இருந்தமையின் கனவு உளதாயிற்று.

உவமை ஓரிடத்து நின்றுவிடும். தகடு தன்மேற் பதிந்த உருவை அறியாது. அந்தக்கரணமும் சடமாகலின் அறியாது. அறிவது உயிர். ஐம்புலனும் ஒடுங்கியவழியும் அறிவானொருவன் உளனாகலின் உடம்பின் வேறாய் உயிருண்டு எனச் சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரம் நாட்டும். அவ்வுயிரும் தானே அறியமாட்டாது, உணர்த்த உணர்வது. எந்தப் பதிவை எந்த இரவில் எழுப்புவதென்று ஒருவனும் தானே துணிந்து கிடப்பதில்லை. காண வேண்டுமென்று நினைந்து படுத்தார்க்குக் கனா வருவதில்லை. வேண்டா வென்றார்க்கு வருகின்றது. கனவின் இன்பதுன்பமும் நுகர்ச்சியே யாகலின், வினைக்கீடாக அதனைக் கூட்டுவிப்பவன் இறைவனே யாவன்.

இனி, மகன் துயருக்கு வருவோம். அவன் தந்தையைக் கண்ணாற் கண்டு பழகியவன் அல்லன். நடையும் குரலும் சிரிப்பும் அவன் சித்தத்துப் பதிதற்கு வாய்ப்பில்லை. நாடோறும் விளக்கேற்றுங்கால் அவன் கண்டது சுவரின்மேல் அசையாது நின்ற ஒரு முகத்தையே. இருபது ஆண்டு அதனையே கண்டவனுக்குக் கனவில் வேறொரு முகம் எங்ஙனம் வரும்? பிறர் தந்தையரை நேரே கண்டனர் எனின், அவர்தம் தகட்டில் ஒளி பட்டது. இவன் தகட்டில் பட்டது படத்தின் ஒளியே. இதன்கண் தந்தை யன்பின் குறைவும் இல்லை, மகன் அன்பின் குறைவும் இல்லை. தந்தையை அறியாதவன் உள்ளம் அவரை நாடுங்கால் தான் பெற்றுள்ள ஒன்றனையே பற்றி எழும். அங்ஙனம் எழுந்ததே அவர்பால் அவனுக்குள்ள அன்பிற்கு அறிகுறி எனல் தகும். அன்பில்லாதார் இல்லத்தும் படங்கள் தொங்குகின்றன. அவை அவர் கனவில் வருதல் அரிது.

தூசும் வெடித்த கண்ணாடியும் என்னை யெனின், படத்தைத் துடைக்காமல் விட்ட நாளொன்றோ, பிறிதோரிடத்து உடைந்த கண்ணாடியைக் கண்ட காட்சியோ, இவன் உள்ளத்துக் கிடந்த அச்சமோ அப்பதிவோடு கலந்திருக்கலாம். படம் கனவில் வாய்திறந்து பேசுவதாகச் சிலர் கூறுவர். பேசியது பெரும்பாலும் காண்பான் முன்னரே அறிந்ததாகவோ அஞ்சியதாகவோ இருக்கும். சினங்கொண்ட பிதிரர் கண்ணாடியை உடைத்துத் தம் சினத்தை அறிவிப்பர் என்றற்குச் சாத்திரச் சான்று யாதுமில்லை. உயிர் தன் வினைக்கேற்ற உடம்பெடுத்துச் சென்றபின், அச்சிட்ட காகிதத்தைப் பற்றி நிற்கும் என்பதும் சைவர் கொள்கை யன்று.

அங்ஙனமாயின் கனவெல்லாம் வாசனையே, கனவில் இறைவன் அருளுதல் என்பதொன்று இல்லையோ என்பார்க்கு, பெரியபுராணம் விடை தரும். காஞ்சியிற் கற்றளி யெடுத்த காடவர்கோன் கனவில் இறைவன் தோன்றி, நின்றவூரிற் பூசலார் அமைத்த ஆலயத்துள் மறுநாள் தான் எழுந்தருளப் போவதனை உரைத்தருளினன். பூசலாரையோ அவர் ஆலயத்தையோ அரசன் முன் அறியான். அவன் உள்ளத்து அவரைப் பற்றிய பதிவொன்றும் இல்லை. நின்றவூர் சென்று வினவியபோது அவ்வூரவரும் அத்தகைய கோயிலை அறியாராயினர். அரசனே பூசலார்பாற் சென்று வினவ, அவர் அது மனத்தால் எடுத்த கோயில் என்றபோதுதான் கனவு மெய்யாயிற்று. பதியாததொன்று கனவில் வெளிப்பட்டு, நனவில் மெய்யெனக் காணப்படின், அஃது வேறு வகை. அதனை வாசனையெனத் தள்ளுதல் பிழை. சுவரிற் கிடக்கும் படத்தைக் கண்ட கனவினை அதனோடு ஒருங்கு வைத்தல் அதனினும் பெரும் பிழை.

ஞானாசிரியர் ஒருவரின் படத்தைக் கனவிற் கண்டு, தமக்குத் தீக்கை வாய்த்துவிட்டதென்று கருதுவாரும் உளர். நயனத்தால் செய்யும் தீக்கை ஆசிரியர் நோக்கால் நிகழ்வது. படத்திற்கு நோக்கில்லை, நோக்குவது போலும் தோற்றமே உளது. அத்தகையார் கனவை மகிழ்ந்துகொண்டு, உயிரோடுள்ள ஆசிரியர் ஒருவரை நாடிச் செல்லுதலே முறை.

நீத்தார் படத்தைக் கனவிற் கண்டவர் செய்யக் கடவது யாதெனச் சிலர் கேட்பர். படத்தின் தூசைத் துடைத்து வைக்கலாம். அது கனவு வாராவிடினும் செய்யத்தக்கதே. நீர்க்கடனும் திதியும் உரிய நாள் வந்தவழிச் செய்தற்குரியன. கனவு பற்றி அவற்றை முன்னிடவும் வேண்டா, பரிகாரம் என்று பொருள் கேட்பார்க்கு இரட்டிப்பாகக் கொடுக்கவும் வேண்டா. தாயோ மூத்தாரோ இருப்பின், தந்தை எங்ஙனம் நடப்பார், எங்ஙனம் பேசுவார், எதற்குச் சிரிப்பார் என்று அம்மகன் அவரிடம் கேட்டறியலாம்.